யூனிக்ஸ் வீட்டில் டாஸ் குடியிருந்த கதை

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பழைய கதை. டாஸ் புரோகிராம்களை, அதுலயும் குறிப்பா டாஸ் கம்பைலர்களை, யூனிக்ஸ் மாதிரியான ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள எப்படி ஓட வெச்சாங்க என்பதுதான் விஷயம். "டாஸ்பாக்ஸ் இன்ஸ்டால் பண்ணா ஓடிடப் போகுது, இதுல என்னப்பா கதை?" என்று நீங்க கேட்கலாம். டாஸ்பாக்ஸ் வந்தது 2002ல். அதுக்கு முன்னாடி பதினேழு வருஷம் பிசி மேல இந்த வேலையை எமுலேட்டரே இல்லாம, நிஜ சிபியூ மேலயே செஞ்சுக்கிட்டிருந்தாங்க. ருசியான பகுதி அதுதான்.

முதல்ல சிக்கல் என்னன்னு பார்த்துடலாம். ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட்ல வந்தது. உள்ள இருந்தது இன்டெல் 8088. 20 பிட் முகவரி, அதனால மொத்தம் 1 எம்பி மெமரி. அதுல புரோகிராமுக்குன்னு 640 கேபி. டாஸ் என்பது இன்னைக்கு நாம சொல்ற அர்த்தத்துல ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை. புரோகிராமை மெமரியில ஏத்தி விட்டுட்டு ஒதுங்கிக்கும். அதுக்கப்புறம் மெஷின் முழுக்க அந்தப் புரோகிராமோட ராஜ்ஜியம். திரையில எழுத்து வேணுமா, பி800 செக்மென்ட்ல நேரா எழுதிடலாம். கீபோர்டு வேணுமா, இன்டரப்ட்டையே பிடுங்கிக்கலாம். யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னா இன்டரப்ட் மொத்தத்தையும் அணைச்சுடலாம்.

யூனிக்ஸ் இதுக்கு நேர் எதிர். அங்க எந்தப் புரோகிராமும் ஹார்டுவேரைத் தொட முடியாது. எது வேணும்னாலும் கெர்னல்கிட்ட கேட்டு வாங்கணும். தனி வீட்டுல ஒரே பிள்ளையா வளர்ந்தவனை திருவல்லிக்கேணி மேன்ஷன்ல கொண்டு வந்து விட்ட மாதிரி. பாத்ரூமுக்கு வரிசையில நிக்கணும்னே அவனுக்குத் தெரியாது.

அதனால முதல்ல வந்த தீர்வு, டாஸை உள்ளயே விடாம இருப்பது. பலருக்கு மறந்துபோன விஷயம், மைக்ரோசாஃப்ட்டும் ஒரு காலத்துல யூனிக்ஸ் கம்பெனிதான். ஏடி அண்ட் டி கிட்ட லைசென்ஸ் வாங்கி, 1980ல் செனிக்ஸ் என்ற பேர்ல அறிவிச்சாங்க. 1983ல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0ல இருக்கிற டைரக்டரி மரம், ஃபைல் ஹேண்டில், பைப் எல்லாம் யூனிக்ஸ் பக்கத்துலேருந்து வந்த யோசனைகள். பின்னால எஸ்சிஓ கம்பெனி வித்த செனிக்ஸ்ல சி கம்பைலருக்கு '-டாஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருந்தது. அதைப் போட்டா, யூனிக்ஸ்ல உட்கார்ந்தபடியே டாஸ்ல ஓடுற எக்ஸிக்யூட்டபிள் ஃபைல் கிடைக்கும். டாஸ் ஃபிளாப்பியில காப்பி பண்ண 'டாஸ்சிபி' என்று தனி கமாண்டும் உண்டு. இப்போ நாம கிராஸ் கம்பைலிங் என்று சொல்றோமே, அதேதான். ஆனா கம்பைல் பண்ணதைச் சோதிச்சுப் பார்க்கணும்னா ஃபிளாப்பியைத் தூக்கிக்கிட்டு பக்கத்து மெஷினுக்குத்தான் போகணும்.

ஒரே மெஷின்ல ரெண்டையும் ஓட்டணும் என்று முதல்ல உருப்படியா இறங்கினவங்க லோக்கஸ் கம்ப்யூட்டிங் என்ற கம்பெனி. மெர்ஜ் என்பது அவங்க சாஃப்ட்வேர். 1984 கடைசியில வேலை தொடங்குச்சு. மெஷின் ஏடி அண்ட் டி 6300 பிளஸ், சிபியூ 286. இங்கதான் தலைவலி. 286ல பாதுகாப்பு மோட் இருக்கு. ஆனா அந்த மோட்ல சாதாரண டாஸ் புரோகிராம் ஓடாது. டாஸ் ஓடணும்னா ரியல் மோடுக்கு இறங்கணும். அங்க பாதுகாப்பு என்பதே கிடையாது.

அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சிபியூக்கு வெளியில, பஸ் மேலயே காவல் போட்டாங்க. டாஸ் புரோகிராம் தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டா, அந்த பஸ் சைக்கிளை ஹார்டுவேரே அமுக்கிப் பிடிச்சு, எப்பவும் அணைக்க முடியாத என்எம்ஐ இன்டரப்ட் வழியா கட்டுப்பாட்டை மேல கொண்டு வந்துடும். இன்டரப்ட்டை அணைச்சுட்டு டாஸ் புரோகிராம் தொங்கிட்டா? அதுக்கும் ஒரு வாட்ச்டாக் டைமர். இதைப் படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. இன்னைக்கு சிபியூவுக்குள்ள தானா நடக்கிற வேலையை, போர்டு மேல தனி ஹார்டுவேரா வெச்சுச் செஞ்சிருக்காங்க.

பாவம், நேரம் சரியில்லை. அந்த மெஷினோட அறிவிப்பு வந்தது 1985 அக்டோபர். அதே மாசம்தான் இன்டெல் 386ஐயும் அறிவிச்சது. அதுக்குள்ள விர்ச்சுவல் 8086 மோட் இருந்தது.

இந்த மோடைக் கொஞ்சம் நிதானமா பார்க்கலாம், ஏன்னா கதை முழுக்க இது மேலதான் நிக்குது. 386ல கெர்னல் ஒரு கொடியை ஏத்திட்டு ஒரு டாஸ்க்கை ஓட விட்டா, அந்த டாஸ்க்குக்குத் தான் பழைய 8086 மேல ஓடுறோம்னே தோணும். செக்மென்ட்டை 16ஆல பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டுற அதே பழைய கணக்கு. ஆனா அந்த 1 எம்பி, பேஜிங் வழியா, நிஜ மெமரியில எங்க வேணும்னாலும் சிதறிக் கிடக்கலாம். இன்டரப்ட்டை அணைக்கிற கட்டளை, டாஸை அழைக்கிற இன்ட் 21, ஐஓ போர்ட்டைத் தொடுற கட்டளை, இதெல்லாம் வந்தா சிபியூ நிறுத்தி கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் ஒரு பொய்யான பதிலைக் கொடுத்துட்டு திரும்ப அனுப்பிடும். மீதிக் கட்டளைகள் எல்லாம் சிபியூவோட முழு வேகத்துல ஓடும். மேன்ஷன் அறைக்கே தனி வீடு மாதிரி பெயின்ட் அடிச்சுக் கொடுத்தாச்சு.

இதை வெச்சு இன்டராக்டிவ் சிஸ்டம்ஸும் ஃபீனிக்ஸும் சேர்ந்து 1987ல் விபி/ஐஎக்ஸ் கொண்டு வந்தாங்க. மெர்ஜும் 386க்கு மாறுச்சு. ஆபீஸ்ல ஒரே யூனிக்ஸ் மெஷின், அதுல பல டெர்மினல், சில டெர்மினல்ல டாஸ் புரோகிராம். ரெண்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. சன் மாதிரி வேற சிபியூ உள்ள ஒர்க்ஸ்டேஷன்கள்ல சாஃப்ட்பிசி என்ற எமுலேட்டர் இருந்தது. அங்க இன்டெல் சிபியூவே கிடையாது, வேற வழியும் இல்லை.

1991ல் லினக்ஸ் வருது. லினஸ் அதை எழுதுனதே 386க்காக. அடுத்த வருஷமே கெர்னல்ல விஎம்86 என்ற சிஸ்டம் கால் வந்துடுச்சு. சாதாரண யூசர் புரோகிராம் ஒண்ணு "என்னை விர்ச்சுவல் 8086 மோட்ல ஓட்டு, ஏதாவது சிக்கல் வந்தா என்கிட்டயே திரும்பி வா" என்று கெர்னலைக் கேட்கலாம். அதே 1992ல் மத்தியாஸ் லௌட்னர் டாஸ்எமுவைத் தொடங்கினார். பிறகு ராபர்ட் சாண்டர்ஸ், ஜேம்ஸ் மக்லீன், ஹான்ஸ் லெர்மன், பார்ட் ஓல்டமேன் என்று கை மாறிக்கிட்டே வந்தது. ஓப்பன் சோர்ஸ்ல ஒருத்தர் களைச்சுப் போனா அடுத்தவர் எடுத்துக்கிறதுக்கு இது நல்ல உதாரணம்.

பேர்ல எமு இருந்தாலும் அந்தக் காலத்து டாஸ்எமு சிபியூவை எமுலேட் பண்ணலை. பயாஸ், கீபோர்டு, டைமர், இன்டரப்ட் கண்ட்ரோலர் இதெல்லாம்தான் போலி. உள்ள ஓடுறது நிஜ டாஸ். அதனால ஒரு டாஸ் காப்பி நீங்கதான் கொடுக்கணும். 1994ல் ஜிம் ஹால் தொடங்கின ஃப்ரீடாஸ் பின்னால இந்தக் குறையைத் தீர்த்துச்சு.

எனக்குப் பிடிச்ச சின்ன விஷயம் ஒண்ணு. டாஸ் புரோகிராம் கீ அழுத்தறதுக்காகக் காத்திருக்கும்போது தூங்காது. "கீ வந்துச்சா? கீ வந்துச்சா?" என்று லூப்ல சுத்திக்கிட்டே இருக்கும். தனி வீட்டுல அது குத்தமில்லை, கரன்ட் பில் கட்டுறது அவன்தான். லினக்ஸ்ல அது 100 சதவீத சிபியூவைத் தின்னுடும். அதனால, இவன் உண்மையிலேயே வேலை செய்யறானா, இல்ல சும்மா சுத்தறானா என்று கணிச்சு, சும்மா சுத்தறான்னா தூங்க வைக்க டாஸ்எமுவுல 'ஹாக் த்ரெஷோல்ட்' என்று ஒரு செட்டிங் வெச்சாங்க.

சரி, கம்பைலர் பக்கம் வருவோம். 1989ல் டிஜே டெலோரி என்பவர் ஒரு யூனிக்ஸ் யூசர் குரூப் கூட்டத்துக்குப் போனார். பேச வந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஜிசிசியை டாஸுக்குக் கொண்டு வருவீங்களா என்று இவர் கேட்டார். முடியாது, ஜிசிசி ரொம்பப் பெரிசு, டாஸ் 16 பிட் என்பது பதில். டெலோரிக்கோ 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒண்ணு எழுத அந்தக் கம்பைலர் வேணும். "முடியாது" என்பதையே சவாலா எடுத்துக்கிட்டு இறங்கிட்டார். 386ஐ 32 பிட் மோட்ல ஓட்டிக்கிட்டே, ஃபைல் மாதிரி வேலைகளுக்கு மட்டும் கீழே டாஸை அழைக்கிற எக்ஸ்டெண்டர் எழுதி, ஜிசிசியை டாஸ்ல ஓட வெச்சார். அதுதான் டிஜேஜிபிபி.

1996ல் வந்த குவேக் கேமோட டாஸ் வெர்ஷன் இந்த டிஜேஜிபிபியில பில்ட் பண்ணது. அதையும் டாஸ்ல உட்கார்ந்து பண்ணலை. டிஜிட்டல் யூனிக்ஸ் ஓடுற டெக் ஆல்ஃபா சர்வர்ல கிராஸ் கம்பைல் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி டூம் கேமையும் நெக்ஸ்ட்ஸ்டெப்ல, அதாவது யூனிக்ஸ் அடிப்படையிலான சிஸ்டத்துலதான் உருவாக்கினாங்க. டாஸுக்கான பில்ட் மட்டும் வாட்காம் கம்பைலர்ல. ஆக டாஸோட மிகப் புகழ்பெற்ற ரெண்டு கேமும் பிறந்தது யூனிக்ஸ் வீட்டுல.

இந்த இடத்துல, நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கிறேன். சின்ன ஒர்க்‌ஷாப், கோயம்புத்தூர் பக்கம். அவங்க செய்யற கண்ட்ரோலர் போர்டுக்கான ஃபர்ம்வேர் முழுக்க டர்போ சியில எழுதினது. சோர்ஸ் கோட் பத்திரமா இருக்கு. ஆனா அதை பில்ட் பண்ற மெஷின் ஒரே ஒரு பழைய பென்டியம். அது செத்துட்டா ஒரு வரி மாத்தக் கூட வழியில்லை. லினக்ஸ்ல பில்ட் பண்ண முடியுமா?

முடியும். ஆனா எங்கெங்க காலை வாரும் என்று சொல்லிடறேன். முதல்ல ஃபைல் பேர். டாஸ்லேருந்து காப்பி பண்ணா எல்லாம் பெரிய எழுத்துல வரும். மெயின் ஃபைலோட கடைசியில இருக்கிற சி பெரிய எழுத்தா இருந்தா, ஜிசிசி அதை சி++ என்று நினைச்சுக்கும்! ஒழுங்கான சி கோட்ல புரியாத எர்ரர் எல்லாம் வரும். அடுத்து, ஃபைல் கடைசியில கன்ட்ரோல்-இசட் எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கலாம். டாஸ்ல அது ஃபைல் முடிஞ்சதுக்கு அடையாளம், லினக்ஸ்ல குப்பை.

ஒரிஜினல் கம்பைலரையே டாஸ்எமுவுல வெச்சு, லினக்ஸ் மேக்ஃபைல்லேருந்து கூப்பிடலாம். நல்ல வழிதான். ஆனா டாஸ்ல கமாண்ட் லைனுக்கு ஒதுக்கின இடமே 128 பைட். நாம லினக்ஸ்ல வழக்கமா கொடுக்கிற நீளமான பாத், பத்துப் பதினைஞ்சு ஆப்ஜெக்ட் ஃபைல் எல்லாம் அதுல அடங்காது. அதனால ஃபைல் பேர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, முன்னாடி அட் குறி போட்டு லிங்கருக்குக் கொடுக்கணும். ரெஸ்பான்ஸ் ஃபைல் என்ற வழக்கமே இந்த இட நெருக்கடிக்குத்தான் அவ்வளவு கைகொடுத்தது.

லினக்ஸ்லயே நேரடியா ஓடி 16 பிட் டாஸ் பைனரி கொடுக்கிற ஓப்பன் வாட்காம் இருக்கு. ஜிசிசி-ஐஏ16 என்று ஜிசிசியோட ஒரு கிளையும் இருக்கு. புதுசா எழுதுறவங்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனா இருபது வருஷமா ஃபீல்டுல ஓடுற ஃபர்ம்வேருக்கு வேண்டாம். அந்தக் கோடோட சேர்ந்து அந்தக் கம்பைலரோட குணமும் சோதிக்கப்பட்டிருக்கு. பழைய கம்பைலரையே ஓட்டி, வர்ற பைனரியைப் பழைய பைனரியோட பைட் பைட்டா ஒப்பிட்டுப் பாருங்க. ஒத்துப்போச்சுன்னா நிம்மதியா அந்தப் பென்டியத்தை அணைக்கலாம்.

வேகமும் ஒரு வில்லன்தான். டர்போ பாஸ்கல்ல சிஆர்டி யூனிட் போட்டு எழுதின புரோகிராம் எல்லாம், மெஷின் வேகமானதும் திறந்தவுடனே 'ரன்டைம் எர்ரர் 200' என்று செத்துச்சு. காரணம், டிலே ஃபங்ஷனுக்காக ஒரு டைமர் டிக்ல, அதாவது சுமார் 55 மில்லி செகண்டுல, எத்தனை லூப் ஓடுதுன்னு எண்ணி, அதை 55ஆல வகுக்கும். விடை 16 பிட்டுக்குள்ள அடங்கணும். 1990களோட பிற்பகுதியில வந்த சிபியூக்கள்ல அது அடங்கலை. எழுதினவங்க மெஷின் இவ்வளவு வேகமாகும்னு நினைச்சே பார்க்கலை.

2003ல் ஏஎம்டியோட 64 பிட் சிபியூ வந்தப்ப பெரிய அடி விழுந்தது. சிபியூ 64 பிட் லாங் மோட்ல இருக்கும்போது விர்ச்சுவல் 8086 மோட் கிடையாது. எடுத்துட்டாங்க. 64 பிட் கெர்னல் போட்ட லினக்ஸ்ல விஎம்86 வேலை செய்யாது. டாஸ்எமு கடைசியில ரியல் மோட் கோடுக்காகத் தானே ஒரு சிபியூ எமுலேட்டரை நம்ப வேண்டியதாச்சு. பேருக்கு ஏத்த மாதிரி ஆயிடுச்சு.

32 பிட்லயும் நிம்மதி இல்லை. டாஸ் உலகத்துல இன்டரப்ட் டேபிள் இருக்கிற இடம் முகவரி பூஜ்யம். அதனால டாஸ்எமுவுக்குப் பூஜ்யத்துல மெமரி வேணும். ஆனா கெர்னல்ல நல் பாயின்டர் பிழை இருந்தா, பூஜ்யத்துல தன் கோடை வெச்சுக் காத்திருக்கிற ஒருத்தன் ரூட் ஆகிடலாம். அதனால 2007ல், லினக்ஸ் 2.6.23ல், கீழ்ப் பக்கங்களை யூசர் புரோகிராம் எடுக்காதபடி தடுக்கிற வசதி வந்தது. 2009ல் அந்த மாதிரி ஓட்டைகள் வரிசையா வெளிவந்ததும் எல்லாரும் கதவை இறுக்கினாங்க. பழைய விருந்தாளிக்குத் திறந்து வெச்ச அதே கதவு வழியாத் திருடனும் வர்றான். பாதுகாப்பு பக்கம்தான் சரின்னு நான் நினைக்கிறேன்.

2014லும் ஒரு கலாட்டா. 16 பிட் ஸ்டாக்குக்குத் திரும்பும்போது ஐரெட் கட்டளை ஸ்டாக் பாயின்டரோட கீழ் 16 பிட்டை மட்டும்தான் மீட்டெடுக்கும். அதுக்கு மேல இருக்கிற 16 பிட்ல கெர்னலோட முகவரித் துண்டு கசியும். அதுக்காக 64 பிட் கெர்னல்ல 16 பிட் செக்மென்ட்டையே தடை பண்ணாங்க. ஒயின்ல பழைய 16 பிட் விண்டோஸ் புரோகிராம் ஓட்டுறவங்க சத்தம் போட்டாங்க. கடைசியில கசிவை மட்டும் அடைக்கிற ஒரு சுத்தமான வழி கண்டுபிடிச்சு, 3.16ல சேர்த்து, தடையை எடுத்தாங்க. 1978ல் வந்த சிபியூவோட நிழல் 2014ல் கெர்னல் டெவலப்பர்களைத் தூங்க விடலை.

இதே சிபியூ மாற்றம்தான் நம்ம ஊர் லேபுக்கும் டாஸ்பாக்ஸைக் கொண்டு வந்தது. நான் இன்ஜினியரிங் படிச்சது 2010களில். லேப் மெஷின் 64 பிட் விண்டோஸ். அதுல 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடாது. ஆனா சிலபஸ் டர்போ சி++ 3.0ஐ விடலை. அதனால நீல ஸ்கிரீனை டாஸ்பாக்ஸுக்குள்ள அடைச்சுக் கொடுத்தாங்க. நாங்க அதைத்தான் சி என்று நினைச்சோம். வைவால "இன்ட்டுக்கு எத்தனை பைட்?" என்றால் ரெண்டு. வீட்டுக்குப் போய் லினக்ஸ்ல ஜிசிசியில பார்த்தா நாலு. கிளியர் ஸ்கிரீன் ஃபங்ஷன் இல்லை, அதுக்கான ஹெட்டர் ஃபைலே இல்லை. மொழின்னு சொல்லிக் கொடுத்ததுல பாதி ஒரு குறிப்பிட்ட கம்பெனியோட 1990களின் தொடக்கத்துக் கம்பைலர், மீதி 16 பிட் மெஷினோட குணம். சி++க்கு முதல் ஸ்டாண்டர்டு வந்ததே 1998ல்தான். அது எங்க லேபுக்கு வரவே இல்லை. இன்னைக்கும் சில இடங்கள்ல வரலைன்னு கேள்விப்படும்போது கோபம்தான் வருது. பழசைப் பாதுகாக்கிறது வேற, பழசையே பாடமா நடத்துறது வேற.

பாதுகாக்கிறது எப்படி இருக்கும்னா, 2024 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸ் 4.00 சோர்ஸ் கோடை எம்ஐடி லைசென்ஸ்ல வெளியிட்டது. பில்ட் பண்ணத் தேவையான பழைய கம்பைலர், அசெம்பிளர் எல்லாம் கூடவே இருந்தது. ஆனா அந்தக் கருவிகளும் டாஸ் புரோகிராம்தானே. ஆக டாஸை பில்ட் பண்ண டாஸ் வேணும். லினக்ஸ் வெச்சிருக்கவங்க எமுலேட்டரைத் திறந்து உள்ள மேக் ஓட்டினாங்க. முதல் தடவை ஓடலை. பழைய ஃபைல்கள்ல இருந்த கட்டம் கட்டுற எழுத்துகள் யூடிஎஃப்-8க்கு மாத்தும்போது சிதைஞ்சு போயிருந்தது. அதைக் கையால சரி பண்ணாத்தான் பழைய அசெம்பிளர் ஏத்துக்குது.

விர்ச்சுவல் 8086 மோட் செத்துப் போச்சுன்னு சொன்னேன் இல்லையா, அது முழு உண்மை இல்லை. சிபியூவோட விர்ச்சுவலைசேஷன் வசதிக்குள்ள ஓடுற கெஸ்ட் 32 பிட்டா இருந்தா, அதுக்குள்ள அந்த மோட் இன்னும் உயிரோட இருக்கு. டாஸ்எமு2 அதைத்தான் பயன்படுத்துது. லினக்ஸோட கேவிஎம் வழியா ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினைத் திறந்து, உள்ள 386 காலத்து மோட்ல டாஸை ஓட்டும். நேயர் கேட்ட டர்போ சிக்கு நான் முதல்ல முயற்சி பண்ணச் சொல்றது இதைத்தான். கீபோர்டு, ஸ்கிரீன் எதுவும் இல்லாத சர்வர்லயும் டம்ப் மோட்ல ஓடும். பில்ட் ஸ்கிரிப்ட்டுக்குத் தோதானது. டாஸ்பாக்ஸ் முதன்மையா கேமுக்காக எழுதினது என்பதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கம்பைல் பண்ணிப் பார்த்துட்டு பைனரி ஒத்துப்போச்சான்னு அந்த நண்பர் எழுதணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.